குழாய்க்குள் இருந்த தோல்

சேலம், குகை
யுவ வருடம் கார்த்திகை 12

நூறு வயது தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டிய என் தங்கை ராமாத்தாளுக்கு, அண்ணன் வீரபாகு ஆசி கூறி எழுதச் சொன்னது. இங்கு தறிக்குழி நீங்கலாக எல்லாரும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை சின்னராஜும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டியது. எனக்கு எழுத்து தெரியாது. எழுதுகிறவர் அடுத்த வீட்டு மணியன். உனக்கு வாசிக்கப்போகிறவர் மாப்பிள்ளை. சங்கடமான இடம் வந்தால் இருமிவிட்டுத் தாண்டிப் போவது அவர் வழக்கம். தாண்டாமல் வாசிக்கச் சொல்லவும்.

தீபாவளிக்கு வந்தாய். புதுக் குழாயை ஏழு தடவை திறந்து மூடிப் பார்த்தாய். ஊருக்குக் கிளம்பி, ஒரு காலை வண்டியில் வைத்துக்கொண்டு, "ஏண்ணா, அந்தத் திருகுக்கு அடியில செத்த மாட்டுத் தோல வட்டமா வெட்டி வச்சிருக்குதாமா, அதைத் தொட்டுட்டுத்தான் தண்ணி வருதாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் உன் அண்ணி முத்தாயம்மாள் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். "இந்த ஊட்ல ஒண்ணு அந்தத் தோலு இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்" என்றாள். நாற்பத்திரண்டு வருடம் கூட இருந்தவள் என்பதால் தோலை எடுத்தேன். தோலை எடுத்தால் தண்ணீர் சுத்தமாகும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. குழாய் மூடாது என்பது தெரியவில்லை. காலையில் முனிசிபாலிட்டிக்காரர்கள் தண்ணீர் விட்டால் அவர்கள் நிறுத்துகிற வரைக்கும் கொட்டுகிறது. பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்துப் பாவு நூலால் இறுக்கிக் கட்டினேன். அது பீறிக்கொண்டு போய், என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த இதே மணியன் முகத்தில் அடித்தது. வேண்டுமானால் அவரையே கேள், எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். தறிக்குழியில் முழங்கால் மட்டும் தண்ணீர். பாதி நெய்த சேலை மேலே, தவளை கீழே. நேற்று குழாய் மேஸ்திரி காளியப்பன் வந்தார். "பெரியவரே, தெருவுக்கே வர்ற தண்ணி உங்க தறிக்குழிக்குப் போகுதுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள தோல மாட்டலீன்னா குழாய வெட்டி எடுத்துட்டுப் போயிருவேனுங்க" என்று சொல்லிவிட்டார். உன் அண்ணியோ, ராமாத்தா வாயால சொன்னாத்தான் ஆச்சு என்கிறாள்.

இப்போது நான் சொல்வதை யோசித்துப் பார். ரௌத்திரி வருடம் பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. உங்கள் தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைச் சாலுக்குத் தோல் வாங்க மாப்பிள்ளை என்னையும் ஆத்தூர்ச் சந்தைக்குக் கூட்டிப் போனார். அந்தத் தோலை என் தோளில்தான் சுமந்து வந்தேன். கிணற்றில் மாடு இழுக்க, தோல் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் விழ, நீ இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "தேனாட்டம் இருக்குதுண்ணா" என்றாய். அன்றிலிருந்து பதினைந்து வருடமாக முழு மாட்டுத் தோலில் வந்த தண்ணீரைக் குடிக்கிறவள், அரையணா அகலத் தோலுக்காக என் தறியை முழுகடித்திருக்கிறாய். உன் அண்ணி இனிக் குடம் சுமக்கக் கூடாது என்றுதான் நான் அலையாய் அலைந்து இந்தக் குழாயைக் கொண்டுவந்தேன். அவள் மறுபடி கிணற்றுக்கு நடந்தால் என் மனம் தாங்காது. ஆகவே, தோலில் குற்றமில்லை என்று ஒரு வரி உடனே எழுதிப் போடவும். வெள்ளிக்கிழமைக்கு முன் வர வேண்டும்.

உன் வீட்டுக் கிணறு வற்றாமல், மாடு நோகாமல், மாப்பிள்ளைக்கு இருமல் நின்று, எல்லாரும் நன்றாக இருக்க வேண்டியது.

இப்படிக்கு,
அண்ணன் வீரபாகு (கைநாட்டு)

பின்குறிப்பு: மணியன் இதைப் படித்துக் காட்டும்போது உன் அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, "ஏனுங்க, கவலைத் தோலு எனக்குத் தெரியாதுங்களா? நானும் அந்தத் தண்ணியக் குடிச்சவதானுங்க" என்றாள். பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "முன்னெல்லாம் காத்தால ஒரு நடை, பொழுதோட ஒரு நடை. கெணத்தடியில பாப்பாயி இருப்பா, நல்லம்மா இருப்பா, நாலு வார்த்தை பேசிட்டு வருவேன். குழாய் வந்த ஒம்பது மாசமா உங்க பேச்சு ஒண்ணுதானுங்க கேக்கறேன். தோல மாட்டுனா குழாய் மூடிக்கும். நீங்க?" என்றாள். இதையும் எழுதட்டுமா என்றார் மணியன். எழுதச் சொன்னேன். ஆகவே நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். காளியப்பன் வெட்டிக்கொண்டு போகட்டும். கிணற்றுக்கு இருபது முழத்தில் நல்ல கயிறாக மாப்பிள்ளையைத் திரிக்கச் சொல்லி அனுப்பவும். துணைக்கு நானும் ஒரு குடம் தூக்கி வரட்டுமா என்று கேட்டேன். கயிறு மட்டும் போதும் என்கிறாள்.