புரோக்கர் வரவேண்டாம்

பாப்பிரெட்டிப்பட்டி,
ஆவணி 8.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருண்குமார் அவர்களுக்கு, மாமனார் மாதப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை தீர்த்தம்மாளும் வாசல் முருங்கை மரமும் சௌக்கியம். அங்கு நீங்களும் கோகிலவாணியும் பாப்பாவும் சௌக்கியமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். 'வீடு விற்பனைக்கு. உரிமையாளர் நேரடி. புரோக்கர் வரவேண்டாம்' என்று வாசலில் போர்டு வைத்து, அதில் என் போன் நம்பரைப் பெரிதாக எழுதிவிட்டேன். முதல் நாள் பன்னிரண்டு போன். பதினொன்று புரோக்கர், பன்னிரண்டாவது கோகிலவாணி. போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள், ஒரு புரோக்கரைப் பிடியுங்கள் என்று. இங்கே கோவிந்தன் என்று ஒருவன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஊரில் பாதி வூட்டை வித்தவன், "ரெண்டு பர்சண்ட் குடுங்கண்ணா, முடிச்சுத் தர்றேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம். முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டர் நான். ஓடுற பஸ்ஸில் நூறு பேரை ஏத்தி ஒருத்தனையும் டிக்கெட் இல்லாம இறங்க விடாதவன், நின்ன இடத்துல நிக்கிற ஒரு வூட்டை விக்க எனக்குத் தொணை வேணுமாடான்னு கேட்டேன். "ஒரே மாசம், எங்கிட்டதான் வருவீங்க"ன்னான். வந்தா மீசையை எடுத்துக்கறேன்டான்னுட்டேன். டீக்கடையே சாட்சி.

அவசரம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இந்த ஆவணியோட கோகிலவாணிக்கு லீவு முடியுது, பாப்பாவைப் பாத்துக்க நாங்க ஓசூர் வந்தாகணும். வீடியோவுல என் மீசையைப் புடிச்சு இழுக்கறேன்னு பாப்பா போனைப் பிறாண்டினதை நெனைச்சா எனக்கு இன்னைக்கே பஸ் ஏறணும்போல இருக்கு. உங்க அத்தைதான், "வூட்டைப் பூட்டிப்போட்டுட்டு வரமாட்டேன், வெளக்கேத்த ஆள் வரணும்"ங்கறா. சரி, வாடகைக்கு விடலாம்னா செவுத்துல ஆணி அடிப்பாங்களாம். ஆக, வித்தாத்தான் அவ வருவா.

முதல்ல வந்தவர் மொரப்பூர் பிரபாகர், சிமெண்ட் கடை வெச்சிருக்கார், நல்ல மனுசன். சுத்திப் பாத்தார், புடிச்சுப்போச்சு. விலை பேச உக்காந்தோம். காப்பியோட வந்தா உங்க அத்தை. "எந்த ஊருங்க? யார் வூடு?" அவ்ளோதான் மாப்ளே! பத்தே நிமிசத்துல அவர் அவளோட சின்னம்மாவுக்குக் கொழுந்தன் பையன்னு கண்டுபுடிச்சு, "அட தம்பி!"ன்னு கண்ணுல தண்ணி. களி கிண்டி, கீரை கடைஞ்சு, சாப்பிட்டுத்தான் போகணும்னு உக்கார வெச்சுட்டா. சாப்பிட்டதுக்கப்புறம் அவர் என்னைப் பாக்கறார், நான் அவரைப் பாக்கறேன். "அக்கா வூட்டுக்கு எந்த வாயால விலை கேக்கறதுங்க மாமா"ன்னார். விலை சொல்றதுக்கு எனக்கும் வாய் வரலை. ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிட்டுப் போனவர்தான்.

அடுத்தவர் கதிரவன்னு ஒரு வாத்தியார். அன்னைக்கு உங்க அத்தையை ரேசன் கடைக்கு அனுப்பிட்டேன். மனுசன் அட்வான்ஸ் எடுக்கப் பையில கையை விட்டுட்டார். விட்டவர் சும்மா, "மழைக்கு ஒழுகாதுங்களே?"ன்னார். ஒழுகும், ஆனா ஒரே எடத்துலதான், சாமி ரூம்ல, சாமி இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்லைன்னேன். சித்திரையில போர்ல தண்ணி வராது, கக்கூஸ் கதவை ஓங்கி ஒதைச்சாத்தான் தெறக்கும், இதையும் சொன்னேன். பஸ் எந்த ஸ்டாப்புல நிக்காதுன்னு சொல்லித்தானே ஆளை ஏத்துவோம்? பையில போன கை வெறுங்கையா வெளிய வந்துச்சு.

மூணாவது ஆள் கூடவே ஒரு வாஸ்துக்காரனைக் கூட்டிக்கிட்டு வந்தார். அந்த ஆளு அடுப்படியைப் பாத்து, "இந்த வூட்டுல இருந்தவங்க வெளங்கியிருக்க மாட்டாங்களே"ன்னான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. இருபத்தாறு வருசம் வெளங்கின வூடுடா! இங்க படிச்சுத்தான் என் பொண்ணு இஞ்சினியர் ஆனா, இந்தக் கூடத்துல பாய் போட்டு உக்காந்துதான் எங்க மாப்பிள்ளை பொண்ணு பாத்தார், நீ எறங்கு மொதல்லன்னு விசில் அடிக்காத குறையா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டேன். வாங்க வந்தவனையும் சேத்து அனுப்பினது தப்புன்னு அவங்க தெருமுனை திரும்பின பொறவுதான் உறைச்சுது.

இருந்தாலும் ஒன்று மட்டும் உறுதி மாப்பிள்ளை. சூரியன் மேற்கே உதித்தாலும் புரோக்கர் வாசலை மிதிக்கமாட்டேன். பாப்பாவுக்குச் சளி பிடிக்காமலும், உங்களுக்கு ஓசூர் டிராஃபிக்கில் பொறுமை போகாமலும் எங்கள் குலசாமி காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
மாதப்பன், நடத்துநர் (ஓய்வு)

பி.கு.: ஸ்டாம்பு ஒட்ட மறந்து இந்தக் கடிதம் ஆறு நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இதற்குள் வூடு வித்தாச்சு. கோவிந்தன்தான். அவன் போட்டது ஒரே கண்டிசன்: "ஒரு நாள் நீங்க ரெண்டு பேரும் வூட்டுல இருக்கக் கூடாது." அவனே ஒகேனக்கல் பஸ் ஏத்திவிட்டான். பரிசல் ஏறி, மீன் வறுவல் தின்னுட்டுச் சாயங்காலம் வந்தா வெலை முடிஞ்சு அட்வான்ஸ் கையில இருக்கு. வாங்கினது யார்ங்கறீங்க? மொரப்பூர் பிரபாகரேதான். அக்கா மாமாகிட்டக் கேக்க முடியாத வெலையை கோவிந்தன்கிட்டக் கேக்க முடிஞ்சுதாம். தம்பியே வெளக்கேத்த வர்றான்னதும் உங்க அத்தை அன்னைக்கு ராவே பொட்டியக் கட்டிட்டா. அடுத்த புதன் பத்திரம், வெள்ளிக்கிழமை ஓசூர் வந்துடறோம். ஒண்ணே ஒண்ணு மாப்ளே. நாங்க வர்றதுக்குள்ள பாப்பாகிட்ட மெதுவாச் சொல்லி வெய்யுங்க, தாத்தாவுக்கு இப்ப மீசை இல்லைன்னு. இழுக்கறதுக்குக் காது ரெண்டும் அப்படியேதான் இருக்கு.