மாமியாரின் கடைவாய்ப்பல்

பல் செய்யும் டெக்னீஷியன் உலையைத் திறந்தார். உள்ளே இருந்த பல் சுண்ணாம்புக் கட்டிபோல வெளிறிக் கிடந்தது.

எட்டு மணி நேரம் வேகவேண்டிய சிர்கோனியா என்ற பீங்கான் பல்லை ஆறு மணி நேரத்திலேயே எடுத்தது அவர் தப்புதான். ஆனால் பல் அவருடைய மாமியாருக்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. “ஆச்சா மாப்பிள்ளை?” என்று மூன்று முறை போன் செய்துவிட்டார். அந்தக் குரலுக்குப் பள்ளிக்கூட மணியே பயப்படும், இவர் எம்மாத்திரம்.

பீங்கான் துகள்கள் இன்னும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டிக்கொள்ளவில்லை. மறுபடி உலையில் வைத்தார். இந்த முறை எதற்கும் இருக்கட்டுமென்று நூறு டிகிரி கூட்டி, இரண்டு மடங்கு நேரம் விட்டார்.

பல் கண்ணாடியாய்ப் பளபளத்து வந்தது. அதைப் பார்த்ததும்தான் சூட்டைக் கூட்டியது தப்பு என்று அவருக்கு உறைத்தது. சூடு மிஞ்சினால் துகள்கள் பக்கத்துத் துகள்களை விழுங்கிக் கொழுத்துவிடும். கொழுத்த துகள்கள் உள்ள பல்லில் விரிசல் சுலபமாக ஓடும். ஒருமுறை கொழுத்ததை எந்த உலையாலும் இளைக்கவைக்க முடியாது. இது மனிதர்களுக்கும் தெரிந்த சோகம்தான்.

வேறு பல் செய்யலாமா என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதே பல் கிளினிக் ஆள் வந்து, பல்லை வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாமியார் பல்லைப் போட்டுக்கொள்ளக் கிளினிக்குக்குப் போய்விட்டு வீடு திரும்பினார்.

“பல் எப்படி அத்தை?”

“ம், நல்லாயிருக்கு மாப்பிள்ளை,” என்றார் அவர், கையால் வாயை மூடிக்கொண்டே.

மாமியாருக்குத் தினமும் ஒரு கை பாதாம் வேண்டும். டெக்னீஷியன் பாதாம் டப்பாவைத் துணிகளுக்கு அடியில் ஒளித்தார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்தார். ஆப்பிளை வேகவைத்தார். மாமியாரோ எதையும் கேட்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து இரண்டு வாய் விழுங்கிவிட்டு, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். பல் சரியில்லை என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது, கோபத்தில்தான் பேசவில்லை என்று நினைத்து இவருக்குத் தூக்கமே போயிற்று.

நான்காம் நாள் மனைவி அடுப்படியில் மடக்கினாள்.

“எங்கம்மாவுக்கு என்னங்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளைக்கு அவங்க மனசு கோணாம பாத்துக்கணும், அவ்வளவுதான்.”

ஆறுதல் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். அன்று மாலைக்குள் வெளிநாட்டிலிருந்த மைத்துனர், அம்மாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டார்.

இனித் தாங்காது. அடுத்த நாள் அவர் புதிதாக ஒரு பல் செய்தார். சரியான சூடு, சரியான நேரம். போனை அணைத்துவிட்டு உலைக்கு முன்னால் தவம் கிடந்தார். பல்லோடு கிளினிக்குக்கு ஓடி, கவுன்ட்டரில் இருந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவங்க கடிக்கறதுக்குள்ள மாத்தணும் என்று புதுப் பல்லை நீட்டினார்.

நர்ஸ் மேசை இழுப்பறையைத் திறந்து, அவர் முதலில் கொடுத்தனுப்பிய பல் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள்.

“இது அன்னிக்கே பொருந்தல சார். சொன்னா மாப்பிள்ளை மனசு ஒடிஞ்சிடுவாருன்னு வேற இடத்துல செஞ்சு போட்டுக்கிட்டாங்க. வாயைத் திறந்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களேன்னு பயந்து, தினமும் இங்க வந்துதான் பாதாம் சாப்பிடறாங்க.”