சூரியக்கட்டுக் கண்ணாடி

சித்திரை வெயிலைக் கட்டிப்போட ஒருவர் வந்துவிட்டார் என்ற செய்தி பொன்னேரி முழுக்கப் பரவியபோது, பஸ் ஸ்டாண்டில் மோர் விற்கிறவரைத் தவிர மற்ற எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

வந்தவர் பெயர் கதிர்கட்டி சுவாமிகள். பேயைக் கட்டுகிறவர்கள் உண்டு. எதிரியின் வாயைக் கட்டுகிறவர்கள் உண்டு. இவர் கட்டுவது சூரியனை. அதுவும் முழுச் சூரியனை அல்ல. ஜன்னல் வழியாக உங்கள் வீட்டுக்குள் நுழைகிற பங்கை மட்டும். அவர் மந்திரித்துக் கொடுக்கும் கண்ணாடியை ஜன்னலில் மாட்டினால் வெளிச்சம் உள்ளே வருமாம், வெப்பம் வாசலிலேயே நின்றுவிடுமாம். ஏசி வேண்டாம். கரண்ட் பில் பாதியாகிவிடும். விலை மட்டும் கடைக் கண்ணாடியைப் போல மூன்று மடங்கு. மந்திரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று சுவாமிகளே பெரிய மனதோடு சொல்லியிருந்தார்.

கல்யாண மண்டபத்துக்கு எதிரே ஷாமியானா போட்டிருந்தார்கள். விபூதிப் பட்டை போட்ட கண்ணாடிகள் ஒரு பக்கம், சிலுவைக் குறி போட்ட கண்ணாடிகள் மறு பக்கம். வெயில் எல்லா மதத்தாரையும் அடிக்கிறது என்பதைச் சுவாமிகள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். அவருடைய ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு ஏர் கூலர்கள் உறுமிக்கொண்டிருந்தன. சூரியனையே கட்டியவருக்குக் கூலர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் முன்வரிசையில் இடம் கிடைக்காது.

சாட்சி சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். டீக்கடை அன்புராஜ் எழுந்து நின்று சத்தியம் செய்தார்.

"கடைல சாமி கண்ணாடி போட்டேன். இன்னா ஜில்லுனு கீதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. வடை போட்ட ஒடனே ஆறிப்போவுது."

அவர் கடை வடை எப்போதுமே ஆறித்தான் இருக்கும். ஆனாலும் கூட்டம் கைதட்டியது. இன்னொருவர் தன் வீட்டுக் கரண்ட் பில் நிஜமாகவே பாதியானதாகச் சொன்னார். அந்த மாதம் அவர் தெருவில் பாதி நாள் கரண்டே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தவர் பூவராகவன். மற்றவர்கள் புண்ணியத்துக்கு வந்திருந்தார்கள். அவருக்கு நிஜமாகவே கண்ணாடி தேவைப்பட்டது.

தன் நெல் வயலில் ஹைவே ஓரத்துத் துண்டை மண்ணடித்து மேடாக்கி, அதில் புதிதாகத் தையல் கூடம் கட்டிக்கொண்டிருந்தார் பூவராகவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் ஆபீஸ்களைப் போலத் தன் கூடமும் பளபளக்க வேண்டும், ஹைவேயில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, சாலையைப் பார்த்த சுவர் முழுவதையும் கண்ணாடிக்கு விட்டுவிட்டார். அது மேற்குச் சுவர். காரில் போகிறவன் திரும்பிப் பார்ப்பானோ மாட்டானோ, மத்தியானத்துக்கு மேல் சூரியன் தவறாமல் திரும்பிப் பார்த்தது.

போன கோடையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் காஜா எடுத்துக்கொண்டிருந்த கன்னியம்மா மயங்கி மெஷின் மேலேயே விழுந்தாள். புருவம் கிழிந்தது. மறுநாள் முதல் அந்தக் கோடை முடியும்வரை ஒருத்தியும் வேலைக்கு வரவில்லை. அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி ஏஞ்சலின். அவள் வந்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"புது ஹால்ல மூணு மணி வெயில்ல ஒக்காந்து தைக்க முடியணும் மொதலாளி. முடிஞ்சா நாங்க அத்தினி பேரும் வரோம். முடியலன்னா கும்மிடிப்பூண்டி கம்பெனில வேன் அனுப்பிக் கூப்டுறான், போய்க்கினே இருப்போம்."

அவர்கள் போய்விட்டால் கூடம் வெறும் கண்ணாடிப் பெட்டிதான். வயலும் போய், தையலும் போய்விடும். அதனால்தான் பூவராகவன் முன்வரிசையில் இருந்தார்.

சுவாமிகள் கண்ணைத் திறந்தார். முன்னால் செம்பட்டுத் துணி போர்த்திய ஒரு பெட்டி. துணியை விலக்கினால், இரண்டு தடுப்புகள். ஒன்றில் சாதாரணக் கண்ணாடி. மற்றொன்றில் சுவாமிகளின் கண்ணாடி, மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் அப்பியது. நடுவில் பெரிய விளக்கு. ஸ்விட்சைத் தட்டினார்.

"கையை வை, குழந்தாய்."

பூவராகவன் சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தார். சுரீர் என்றது. சுவாமிகளின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். இளஞ்சூடு, அவ்வளவுதான். அதே விளக்கு, அதே வெளிச்சம். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இப்போது புரிகிறதா?" என்றார் சுவாமிகள். "ஆதவன் என் சொல்லுக்கு அடங்குவான். ஒரு விதி. குங்குமத்தைத் துடைக்கக் கூடாது. துடைத்தால் கட்டு அவிழ்ந்துவிடும்."

பூவராகவன் அங்கேயே முன்பணம் கொடுத்தார். மேற்குச் சுவர் முழுவதற்கும்.

கண்ணாடிகள் வந்து இறங்கிய அன்று ஏஞ்சலின் கூடத்துக்கு வந்தாள். சுவரில் சாத்தி வைத்திருந்த கண்ணாடி ஒன்றை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ஓரத்தைத் தடவினாள்.

"மொதலாளி, ஷாமியானால பின்னால நின்னு நானும் பாத்தேன். பொட்டில கீற கண்ணாடி இம்மாந் தடிப்பா இருந்துச்சு. இது அப்பளம் மாரி கீது."

"மந்திரம் ஏறினா லேசாயிடும்மா."

"மந்திரம் ஏறினா எடை கூடணுமே மொதலாளி. கொறையுதுன்னா எறங்கிடுச்சின்னு அர்த்தம்."

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்தான். கைய வெச்சிப் பாத்தேன் ஏஞ்சலினு, என் கைய. கை பொய் சொல்லுமா?"

"கை பொய் சொல்லாது. நீங்க கைய வெச்சது பொட்டி கண்ணாடிக்குப் பின்னால. ஹாலுக்கு வந்தது வேற கண்ணாடி. பொண்ணு பாக்கறப்ப அக்காவக் காட்டி, தாலி கட்டறப்ப வேற ஆள ஒக்கார வெச்சா ஒத்துக்குவீங்களா?"

பூவராகவனுக்குக் கோபம் வந்தது. சாமியைச் சந்தேகப்பட்டதற்காக அல்ல, தன்னைச் சந்தேகப்பட்டதற்காக. அங்கேயே நின்று சபதம் செய்தார்.

"நாளைக்கு மாட்டுறதுக்கு முன்னால சாமி வந்து பூசை போடுறாரு. ஊரே வரப்போவுது. அங்கயே உன் சந்தேகத்தைக் கேளு. சாமி காட்டுவாரு. நீ வாயை மூடிக்கினு வேலைக்கு வரணும்."

"சரி மொதலாளி," என்றாள் ஏஞ்சலின். அவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதாவது அவர் யோசித்திருக்கலாம்.

மறுநாள் மூன்று மணி. தார் உருகுகிற வெயில். தேங்காய், பூசணி, எலுமிச்சை, நாதஸ்வரத்துக்குப் பதிலாக புளூடூத் ஸ்பீக்கர். சுவாமிகள் பெட்டியோடு வந்து இறங்கினார். தையல்காரப் பெண்கள் ஒருபுறம், பக்தர்கள் மறுபுறம். பொன்னேரி மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் விற்கும் தெர்மாகோல் பெட்டிகள் மூன்றுடன் நடுவில் வந்து நின்றாள் ஏஞ்சலின். மூன்றின் மூடியிலும் ஒரே அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே கறுப்பு லைனிங் துணி ஒட்டியிருந்தாள். துணி தைக்கிறவள், அளவு பிசகவில்லை.

"சாமி, ஒரு சின்ன வேண்டுதல். ஒரு பொட்டி மேல பழைய ஷெட்டு ஜன்னல் கண்ணாடி. ஒண்ணு மேல ஹாலுக்கு நீங்க மந்திரிச்சி அனுப்ன கண்ணாடி. ஒண்ணு மேல உங்க பொட்டி கண்ணாடி. மூணுக்குள்ளயும் குச்சி ஐஸ் வெக்கிறோம். வெயில்ல வெச்சிட்டு கம்முனு பாக்குறோம்."

சுவாமிகள் புன்னகைத்தார். புன்னகை கொஞ்சம் தாமதமாக வந்தது.

"மகளே, தெய்வ சக்தியைச் சோதிப்பது தீயோடு விளையாடுவது."

"தீயோட இல்ல சாமி, ஐஸோடதான்."

பெண்கள் சிரித்தார்கள். சுவாமிகள் பஞ்சாங்கத்தைத் துணைக்கு அழைத்தார். இப்போது ராகு காலம் என்றார். அப்படியானால் பூசைக்கு ஏன் இந்த நேரம் குறித்தார் என்று கன்னியம்மா கேட்டாள். நம்பாதவர் கண் பட்டால் சக்தி இறங்காது என்றார். "வெயிலு மட்டும் நம்பாதவங்க மேல நல்லாவே எறங்குது சாமி," என்றாள் ஏஞ்சலின்.

சுவாமிகள் எழுந்து கிளம்பியே இருப்பார். அவரைப் பிடித்து நிறுத்தியது சந்தேகம் அல்ல. பக்தி.

பூவராகவன் ஓடிவந்து காலில் விழுந்தார்.

"வெச்சிக் காட்டுங்க சாமி. இவங்க வாய் அடங்கட்டும். உங்க சக்தி எனக்குத் தெரியும். உங்க பொட்டி கண்ணாடிய நானே எடுத்துத் தரேன்."

"ஆமா சாமி, காட்டுங்க," என்று அன்புராஜ் கத்தினார். பின்னாலிருந்து நூறு குரல்கள் சேர்ந்தன. பாவம், அத்தனை பேரும் மனதார நம்பினார்கள். இப்படிப்பட்ட பக்தர்கள் கிடைத்தால் எந்தச் சாமியாரும் தப்ப முடியாது.

மூன்று பெட்டிகளையும் ஒரு பெஞ்சில் மேற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். மூன்று ஆரஞ்சு ஐஸ். மூடிகள் இறங்கின. கண்ணாடிகள் ஏறின. சுவாமிகள் அனுப்பிய கண்ணாடிக்குப் பக்கத்தில் பூவராகவன் தானே காவல் நின்றார், தன் பிள்ளை பரீட்சை எழுதுகிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் ஷெட்டு கண்ணாடிக்குக் கீழே இருந்த ஐஸ் வியர்த்தது.

"பாத்தியா," என்றார் பூவராகவன்.

பிறகு அவர் குனிந்து தன் பெட்டிக்குள் பார்த்தார். அதுவும் வியர்த்திருந்தது. தலையை நிமிர்த்திச் சுவாமிகளைப் பார்த்தார். சுவாமிகள் வானத்தைப் பார்த்தார்.

இரண்டு ஐஸும் ஒரே வேகத்தில் இளைத்தன. முதலில் முனை போனது. பிறகு இடுப்பு. பூவராகவன் உள்ளங்கையை வைத்துக் கண்ணாடிக்கு நிழல் கொடுக்கப் பார்த்தார். ஏஞ்சலின் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"காப்பி அடிக்கக் கூடாது மொதலாளி."

ஷெட்டு பெட்டியில் குச்சி சாய்ந்தது. அதன் பின்னாலேயே பூவராகவன் காவல் நின்ற பெட்டியிலும் சாய்ந்தது. மூன்றாவது பெட்டியில், சுவாமிகளின் பெட்டிக் கண்ணாடிக்குக் கீழே, ஐஸ் இன்னும் முக்கால்வாசி உருவத்தோடு ஆரஞ்சு நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

"சாமி ஐஸுக்கும் மோட்சம் குடுத்துட்டாரு," என்று அன்புராஜ் ஆரம்பித்தார். யாரும் கைதட்டவில்லை. அவரே உட்கார்ந்துவிட்டார்.

பூவராகவன் மூன்றாவது கண்ணாடியைக் கையில் எடுத்தார். எந்தக் கையை நம்பி முன்பணம் கொடுத்தாரோ, அந்தக் கை. வேட்டி முனையால் மூலையில் இருந்த குங்குமத்தைத் துடைத்தார்.

"வேண்டாம்," என்றார் சுவாமிகள். "கட்டு அவிழும்."

அவிழ்ந்தது. குங்குமத்துக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர். 'மாதிரி. விற்பனைக்கு அல்ல.' கீழே மணவாள நகரில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையின் போன் நம்பர்.

பூவராகவன் போனை எடுத்து அந்த நம்பரை அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

"ஹலோ, விமல் பேசறேன்."

"உங்க கடை ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடி ஒண்ணு இங்க கீது சார். ஒரு பொட்டி. நடுவுல லைட்டு..."

"யோவ், அது எங்க சாம்பிள் பொட்டி. கஸ்டமருக்குக் காட்ட வெச்சிருந்தது. எங்க சேல்ஸ்மேன் ரகு வேலைய வுட்டு நின்னப்ப அத்த தூக்கிக்கினு போய்ட்டான். அவன் அங்க கீறானா?"

எல்லோரும் சுவாமிகளைப் பார்த்தார்கள். ரகு தாடியைத் தடவினார்.

"அந்தக் கண்ணாடில இன்னா மந்திரம் சார் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் பூவராகவன். கேட்கும்போதே குரல் தேய்ந்தது.

"மந்திரமா? கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு உலோகப் பூச்சு சார். வெளிச்சத்த உள்ள வுடும், சூட்ட வெளியவே திருப்பி அனுப்பிடும். ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து இடைவெளி. கம்பெனில செய்யுறது, எந்தப் பெரிய கடைலயும் கெடைக்கும். எந்தத் திக்கு ஜன்னல்?"

"மேக்கால."

"மொத்தமுமா?" போனில் விமல் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "யாரு சார் அந்தப் புத்திசாலி? பாதிக்குச் சுவரை ஏத்துங்க. மீதிக்கு இந்தக் கண்ணாடி போடுங்க. வெளிய நெழலுக்கு ஒரு சன்ஷேடு இறக்குங்க. அந்த ரகுவ மட்டும் புட்ச்சி வெயுங்க, தோ வரேன்."

ரகு மெதுவாகப் பின்வாங்கினார். இதுவரை செந்தமிழ் பேசிய வாய் முதல் முறையாக ஊர்த் தமிழுக்கு இறங்கியது.

"இன்னாபா பேஜாரா போச்சு. டப்பு திருப்பித் தந்துடறேன் நைனா, வழிய வுடு."

வழியில் கன்னியம்மா நின்றாள். புருவத்தில் பழைய தழும்பு. கரைந்துபோன ஐஸின் குச்சியை அவர் கையில் கொடுத்தாள்.

"இத்த கட்டு பாக்கலாம்," என்றாள்.

பணம் திரும்பி வந்தது. பெட்டி மணவாள நகருக்குப் போனது. ரகு எங்கே போனார் என்பது போலீஸுக்குத் தெரியும். அப்போதும் ஒரு பெரியவர் தெர்மாகோல் பெட்டிக்குள் தேங்கியிருந்த ஆரஞ்சுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். சாமி கண்ணாடி வழியாக உருகிய தீர்த்தமாம், வீணாகக் கூடாதாம்.

பூவராகவன் மேற்குச் சுவரைப் பாதி ஏற்றினார். மீதிக்குப் பூச்சுக் கண்ணாடி போட்டார், வெளியே சன்ஷேடு இறக்கினார். வாங்குவதற்கு முன் கடையிலேயே தெர்மாகோல் பெட்டியும் குச்சி ஐஸுமாகப் போய் நின்றார். விமல் சிரித்தார். பூவராகவன் சிரிக்கவில்லை. வந்து இறங்கிய கண்ணாடியையும் மறுபடி ஐஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் மாட்டவிட்டார்.

வேலை தொடங்கிய அன்று மூன்று மணிக்குக் கன்னியம்மா வேண்டுமென்றே மேற்கு ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சட்டைக்குக் காஜா முழுக்க எடுத்து முடித்தாள். நிமிர்ந்தாள்.

"பரவால்ல மொதலாளி," என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் ஒரு சாமியாரின் காலில் விழுந்திருந்தார்.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். வள்ளூரில், அனல் மின்நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒருவர் எலுமிச்சம்பழத்தில் மந்திரம் ஏற்றிக் கரண்ட் பில்லைக் குறைக்கிறாராம். கூட்டம் அலைமோதுகிறதாம். நீங்களும் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு மாதம் அந்த எலுமிச்சம்பழத்தை அவர் வீட்டு மீட்டரில் கட்டச் சொல்லிப் பாருங்கள்.