சுரண்டியரும் பறக்காத விமானமும்

எங்கள் ஊர் நெளுக்குளத்தில் சுரண்டியரின் கண்ணில் பட்டு உயிர் தப்பிய ஸ்டிக்கர் ஒன்றுகூடக் கிடையாது. புதுப் பிரிட்ஜ் வாங்கியவர்கள் அவர் வருவதைக் கண்டால் குசினிக் கதவைச் சாத்துவார்கள். போத்தல் லேபல், கதிரையைச் சுற்றிய பொலித்தீன், கலியாணப் பரிசில் ஒட்டிய விலைத்துண்டு எல்லாம் அவருடைய நகத்துக்கு ஒன்றுதான். என் புது மோட்டார் சைக்கிளின் பெயரையே ஒருநாள் உரித்துவிட்டார். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

“அது என்ன சைக்கிள் எண்டு உமக்குத் தெரியும்தானே. பிறகேன்?” என்றார்.

அப்படிப்பட்டவரிடம்தான், பிரான்சிலிருந்து வந்த அவருடைய அண்ணி அந்தச் சின்ன விமானத்தைக் கொடுத்தார். ரிமோட்டில் பறப்பது. சுரண்டியரின் அண்ணன் மெல்லிய மரச் சட்டங்களைத் தன் கையால் ஒட்டிச் செய்து, மேலே சூட்டில் ஒட்டுகிற மஞ்சள் பிலிம் போர்த்தியிருந்தார். போன வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பிலிமும் வெடித்துச் சுருங்கிவிட்டது. அண்ணி புதிய சிவப்பு பிலிம் சுருளொன்றும் கொண்டுவந்திருந்தார்.

“பழசை உரிச்சுப்போட்டு இதை ஒட்டவேணுமாம் தம்பி. ஊர் வயலுக்கு மேல ஒருக்கா விடவேணும் எண்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் திரும்பிப் போக முந்திச் செய்வீங்களோ?”

“உரிக்கிறதோ அண்ணி? அது என்ர வேலையெல்லோ.”

சுரண்டியரின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

அயன்பெட்டியால் சூடு காட்டினார். பெரிய துண்டொன்று வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்று வந்தது. “பாத்தீரோ” என்றார். அதோடு சரி. மிச்சமெல்லாம் நகமளவு துகள்களாக உடைந்தது. பசை மட்டும் மரத்தில் தங்கிவிட்டது. துணியால் துடைத்தார், துணியின் நூல் ஒட்டியது. நூலை எடுக்கப் போன விரலும் ஒட்டியது. விடிந்து பார்த்தால் விமானத்துக்கு மயிர் முளைத்திருந்தது.

கராஜில் தின்னர் வாங்கி வந்து தடவினார். பசை இளகி, இன்னும் பரவியது. கடைசியில் யாரையும் கேட்காமல் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். பசை போயே விட்டது. என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். விமானம் மீன்முள்ளுப் போல மேசையில் கிடந்தது.

ஆனால் சிவப்பு பிலிமை வைத்துச் சூடு காட்டியபோது அது ஒட்டவில்லை. மரம் எண்ணெயைக் குடித்திருந்தது. ஆயுள் முழுக்க ஒட்டியதையெல்லாம் உரித்த மனிதர், “ஒட்டன், ஒருக்கா ஒட்டன்” என்று அந்தப் பிலிமிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். எண்ணெயைப் போக்க சாண்ட் பேப்பரால் தேய்த்தார். விமானத்தின் இறக்கைச் செட்டை நடுவில் முறிந்தது.

அவருடைய மனைவி எங்கள் வேலியடிக்கு வந்தார். “மனுசன் சோத்துக்கும் வாறாரில்லை. முறிஞ்ச செட்டையை மடியில வச்சுக்கொண்டிருக்கிறார். வந்து ஒருக்காக் கதையுங்கோ.”

போனேன். சுரண்டியர் நிமிரவில்லை.

“அண்ணன்ர கையால செய்த சாமானிலை இது ஒண்டுதான் ஊருக்கு வந்தது. அதையும் நான் முடிச்சுப்போட்டன்.”

பக்கத்தில் இருந்தேன்.

பயணத்துக்கு முதல்நாள் அண்ணி வந்தார். சுரண்டியர் முறிந்த செட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். “பழுதாக்கிப்போட்டன் அண்ணி.”

அண்ணி அந்தச் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். “பரவாயில்லை தம்பி” என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம். சிவப்புச் சுருளை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது பின்னேரங்களில் வயற்கரையில் இருக்கும்போது சுரண்டியர் என்னிடம் கேட்பார். “தம்பி, அது பறந்திருக்குமோ?”

“வடிவாப் பறந்திருக்கும் அண்ணை.”

எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கேட்கிற நேரத்துக்கு அங்கே இருந்துவிட வேண்டும் என்று மட்டும் பார்க்கிறேன்.