ஆள் பார்க்க வேண்டியவை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே என் முதுகைத் தவிர எல்லாரும் நலம். உன் நலத்தை விசாரிக்கவில்லை. அது எனக்கு அலுவலக வழியாகவே வந்துவிட்டது.

இன்று காலை பல் துலக்கும் முன்பே கணினியைத் திறந்தேன். எங்கள் இணையக் கடையில் வாங்கியதைத் திருப்பி அனுப்புகிறவர்களில் யாரை இயந்திரமே நம்பிவிடலாம், யாரை ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விதி வகுப்பதுதான் இப்போது என் வேலை. அடிக்கடி திருப்பி, காரணத்தையும் பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் 'ஆள் பார்க்க வேண்டியவை' என்ற வரிசைக்குப் போக வேண்டும் என்று நேற்று ஒரு விதி போட்டேன். விடிந்து பார்த்தால் வரிசையின் தலைமாட்டில் நீ உட்கார்ந்திருக்கிறாய். தலையணையைத் திருப்பியிருக்கிறாய்: "இதில் குறை இல்லை தம்பி, தூக்கம்தான் வரவில்லை." சுவர்க் கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறாய்: "சத்தமே போடுவதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போட வேண்டாமா?" இப்போது மேசை விளக்கு: "நன்றாகத்தான் எரிகிறது, பார்க்கத்தான் ஒன்றுமில்லை. பெட்டி எடுக்க வருகிற தம்பி தண்ணீர் கேட்டால் நன்றாயிருக்கும். ஆளைப் பார்த்து நாளாச்சு."

அலுவலகத்தில் மேலாளர், நாங்கள் வைத்த பெயர் வடிகட்டி, என் முதுகுக்குப் பின்னால் நின்று இதை உரக்கப் படித்தார். "ஏமாத்துறதுல தேர்ந்த கை மேடம். உண்மைன்னா ஒரு வரியில முடிஞ்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள இந்தம்மா கணக்க மூடிடுங்க." விதி எழுதியவள் என்ற முறையில் நானும் தலையாட்டினேன். இந்தம்மா என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

கணக்கை மூடினால் உன் வாசலுக்கு அந்தத் தம்பியும் வரமாட்டான். ஆகவே வேறு பெயரில் கணக்குத் திறந்துகொள். காரணம் கேட்டால் 'அளவு சரியில்லை' என்பதை மட்டும் அழுத்து. விளக்குக்கு என்ன அளவு என்று இயந்திரம் கேட்காது. தம்பி தம்பி என்று எழுதாதே, அங்கே படிக்கிறது தம்பி இல்லை, முதுகுவலிக்காரி ஒருத்தி. என்னையும் வரச் சொல்லாதே. தள்ளுபடி விற்பனை நெருங்குகிறது, லீவு என்ற சொல்லையே வடிகட்டி வடிகட்டிவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு. கதவைத் தாழ் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்யாதே. கணக்கை நான் மூடவில்லை. ஆள் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது விதி, விதி என்னுடையது. சனிக்கிழமை வருகிறேன். வடிகட்டியிடமும் சொல்லவில்லை, என் வீட்டிலும் சொல்லவில்லை. விளக்கைப் பெட்டியில் போட்டுவிடாதே. வந்ததும் தண்ணீர் கேட்பேன்.