டைப் அக்கா போட்டுவிட்ட ஸ்வெட்டர்

டைப் அக்கா இருந்தவரை குன்னூரில் எவனாலும் ஒரு சோகக் கதையை உருப்படியாக எழுதி முடித்திருக்க முடியாது. நான் முயன்று நொந்தவன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். ஜெகதளா பக்கம் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான நான், சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கதையைக் கொடுப்பேன். பத்திரிகைக்கு அனுப்ப அவர்தான் டைப் அடித்துத் தர வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன் முழுக்கப் படிப்பார். அதுதான் வினை. படித்துவிட்டு, வகுப்பிலிருக்கும் பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி அபிப்பிராயம் சொல்வார்.

“ஏனுங்க, இந்தப் பொண்ணு மார்கழிப் பனியில வெறும் தாவணியோட நிக்குதே, ஒரு ஸ்வெட்டர் போட்டு உடுங்க.”

“கதை மதுரையில நடக்குதுங்க அக்கா.”

“அப்ப பையில வெச்சுக்கட்டும். ஊட்டிக்கு வந்தா ஆகும்.”

இப்படி அக்கா சேர்க்கச் சொன்ன ஸ்வெட்டரும் சோறும் குறைவில்லாமல் போன என் கதைகளெல்லாம் போன சுருக்கில் திரும்பி வந்தன. அலுத்துவிட்டது. இன்னும் ஒன்று, அதுவும் திரும்பினால் பேனாவை மூடிவிடுவது என்று தீபாவளி மலருக்கு ஒரு கதை எழுதினேன். எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில், புருஷனை இழந்து இரண்டு குழந்தைகளோடு இருக்கும் பொன்னி காய்ச்சலில் செத்துப்போகிறாள்.

“காச்சல்னா எஸ்டேட் ஆஸ்பத்திரி இல்லீங்களா?” என்றார் அக்கா.

“டாக்டர் லீவுங்க.”

“கம்பவுண்டர்?”

“அவரும் லீவு.”

“ஒரே நாள்ல எல்லாருக்கும் லீவு குடுத்த தொரை ஆருங்க?”

வகுப்பே மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. எனக்கு அழுகை வராத குறை.

“அக்கா, அவ செத்துத் தொலையட்டும். அடிச்சுக் குடுங்க.”

அக்கா தாளைச் செருகி அடித்தார். பொன்னி செத்தாள். கடைசித் தாளில் பாதியைக் காலியாக விட்டு என்னிடம் நீட்டினார்.

“புள்ளைக ரெண்டும் இன்னிக்கு ஆரு ஊட்டுல படுக்கும்? அதை எழுதிக் குடுங்க. அப்பறந்தான் கவர்ல போடோணும்.”

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். குழாயடியில் பொன்னியோடு தினமும் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி, முனகிக்கொண்டே குழந்தைகளுக்குப் பாய் விரிக்கிறாள்.

மலரில் கதை வந்தே விட்டது. படித்தவர்களெல்லாம் அந்தப் பாய் விரிக்கும் இடத்தைத்தான் சொன்னார்கள். மலரை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அக்கா முதலிலிருந்து படித்தார், ஏதோ முதல் தடவை படிப்பதுபோல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கொன்னே போட்டீங்களே” என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “அந்தப் புள்ளைக இப்பப் பள்ளிக்கூடம் போகுதுகளா?”

பொன்னி என்று ஒருத்தியே கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

“போகுதுகங்க அக்கா” என்றேன். “ரெண்டும் நல்லாப் படிக்குதுக.”