மனைவி படிக்கக் கூடாத கதை

இந்த ஒரு கதையை மட்டும் மனைவி கண்ணில் காட்டவே கூடாது என்று வியாழக்கிழமை காலை படுக்கையை விட்டு எழும்போதே எழுத்தாளர் முடிவு செய்தார். முடிவு எடுப்பதில் அவர் சூரர். எடுத்த முடிவு சாயங்காலம் வரை உயிரோடு இருக்குமா என்பது வேறு விஷயம்.

அந்த வீட்டில் எழுத்துக்கு எப்போதும் கொண்டாட்டம் உண்டு. கதை பிரசுரமானால் கேக். அந்தக் கதையைப் பாராட்டி யாராவது நாலு வரி எழுதிப்போட்டால் பாதி கேக். பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நல்ல காபி. ஒருமுறை ஒரு கதை திரும்பி வந்தது. 'எங்களுக்குப் பொருந்தவில்லை, ஆனாலும் தொடர்ந்து எழுதுங்கள்' என்று ஆசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். எழுத்தாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி குறிப்பை வாங்கிப் பார்த்தாள். "தொடர்ந்து எழுதச் சொல்லிக் கெஞ்சறாங்களே, கிளம்புங்க!" என்று அன்றைக்கே சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அப்படிப்பட்டவள்.

பகலில் அவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, வரும் என்று பதில் எழுத வேண்டும். கற்பனை எழுத்துக்கு அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. மீதி நேரத்தில் கதை எழுதுவார்.

கொண்டாட்டத்தின் உச்சம் சாயங்கால வாசிப்பு. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரும் அவருடைய மனைவியும் வந்து உட்காருவார்கள். எழுத்தாளரின் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையைப் பிரித்துச் சத்தமாக வாசிப்பாள். அவள் குரலில் சோனி வரிகூட சதை போட்டுவிடும். இவ்வளவு நல்ல கதையை நாமா எழுதினோம் என்று எழுத்தாளருக்கே சந்தேகம் வரும். முடித்துவிட்டு அவரைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்பாள். உண்மையைச் சொல்லப்போனால் அவர் எழுதுவதே அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான். பத்திரிகை, வாசகர்கள் எல்லாம் சும்மா வழியில் இருப்பவை.

இந்தத் தடவை அந்த இரண்டு வார்த்தைக்கும் ஆபத்து வந்திருந்தது. போன மாதம் ஆசிரியர் ஃபோனில் கூப்பிட்டு, "மழை, ஜன்னல், மௌனம் எல்லாம் போதும் சார். வீட்டுக் கதை ஒண்ணு குடுங்க. படிச்சா சிரிக்கணும்" என்று சொன்னார். எழுத்தாளர் வீட்டுக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். இருந்தது ஒருத்திதான். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

கதையின் பெயர் 'வீட்டுக்கு ஒரு சர்வாதிகாரி'. கதாநாயகி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதை வீடு முழுக்கத் தேடுவாள். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் சொல்லுவாள். அவள் விரலை மேலே காட்டினால் கணவன் நிற்பான், கீழே காட்டினால் உட்காருவான். கடைசியில் கணவன் ஒரே ஒரு தந்திரத்தில் அவளை மண்ணைக் கவ்வ வைப்பான். வழக்கமாக அவர் எழுதுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுப்பவள் மனைவிதான். இதை மட்டும் அவரே அலுவலகத்தில், சாப்பாட்டு வேளையில், ஒற்றை விரலால் அடித்தார். அவளுடைய ஒரு வழக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. தெருவில் போகிற யார் படித்தாலும் இது யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே பத்திரிகை வெளிவரும் அந்த வியாழக்கிழமை, விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார்.

"இந்த வாரப் பத்திரிகை குடுங்க."

"இந்தாங்க சார்."

"இது இல்ல. எல்லாம்."

"எல்லாம்னா?"

"கடையில இருக்கறது அத்தனையும்."

கடைக்காரர் பத்திரிகையையும் எழுத்தாளரையும் மாற்றிமாற்றிப் பார்த்தார். "சார், எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான் போட்டிருப்பாங்க. ஒண்ணு படிச்சாப் போதும்."

"சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும்."

"போன தடவை உங்க கதை வந்தப்ப ஒண்ணுதானே வாங்கினீங்க?"

"அப்ப சொந்தம் கம்மி."

"சரி, அப்ப அடுத்த வாரத்துலேர்ந்து கூடவே போடச் சொல்லிடறேன் சார். நல்லாப் போகுதுன்னு ஏஜென்ட்டு சந்தோஷப்படுவாரு."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எந்த எழுத்தாளருக்குத்தான் வரும்? பத்திரிகைக் கட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, திருடன் மாதிரி வீட்டுக்குள் நுழைந்து, படுக்கையில் தன் பக்கத்து மெத்தைக்கு அடியில் வரிசையாக அடுக்கினார். மேலே போர்வையை நீவிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி வந்தது.

மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேஜை அவளுடையது. யார் இப்போது உள்ளே போக வேண்டும், யார் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பயப்படலாம் என்று தீர்மானிப்பது அவள்தான். எழுத்தாளர் அந்தத் தெரு வழியாகப் போவதுகூடக் கிடையாது. இரண்டு வருடமாக அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று ராத்திரியும் பகலும் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. கிராம்பு, உப்புத் தண்ணீர், வைராக்கியம் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. டாக்டரிடம் மட்டும் போக மாட்டார்.

"என்னங்க, இன்னிக்குக் கதை வந்திருக்கணுமே?"

"வந்திருக்கு, வந்திருக்கு. ஆனா பாரு, கடையில தீர்ந்துபோச்சாம்."

"காலங்காத்தாலயேவா?"

"அவ்வளவு கிராக்கி."

"எம் புருஷன் கதைக்கு!" மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கண் இரண்டும் பெருமையில் பளபளத்தன. எழுத்தாளருக்கு நெஞ்சில் முள் குத்தின மாதிரி இருந்தது. இப்படிப்பட்டவளைப் போய்ச் சர்வாதிகாரி என்று எழுதினோமே!

"அப்ப சாயங்காலம் வாசிக்கறதுக்கு? எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டேனே."

"அதுக்கென்ன, அடுத்த கதைக்குப் பாத்துக்கலாம்."

"அதெப்படி விடறது? எங்க கிளினிக்ல வாங்கறாங்களே! வெயிட்டிங் ரூம் மேஜை மேலதான் கெடக்கும். சாப்பாட்டு நேரத்துல நான் படிச்சுடறேன். சாயங்காலம் கையோட எடுத்துட்டு வந்துடறேன்."

எழுத்தாளர் வாயிலிருந்த காபி, உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றது.

"ஏங்க இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"பெருமையில."

அவள் கிளம்பிப் போனாள். எழுத்தாளர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒரு பக்கம் பல் டாக்டர். இன்னொரு பக்கம் அந்த இரண்டு வார்த்தை. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொன்னார். மேஜை மேல் கிடக்கும், எடுக்க வேண்டும், நடக்க வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

கிளினிக் கதவைத் திறந்ததும் அந்த மருந்து வாசனை வந்து முகத்தில் அடித்தது. நல்லவேளையாக முன்மேஜையில் மனைவி இல்லை. உள்ளே எதற்கோ போயிருந்தாள். மேஜை மேல் பத்திரிகையும் இல்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கிய ஆள் ஒருவர் மூலையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார். படித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துவிட்டு "ஐயோ, அம்மா" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபடி படித்தார். மறுபடி சிரித்தார்.

புத்தியுள்ள எந்த மனிதனும் அந்த நேரத்தில், "கொஞ்சம் பாத்துட்டுத் தரேன்" என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பான். எழுத்தாளர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எந்த இடம்ங்க?"

"என்ன எந்த இடம்?"

"சிரிச்சீங்களே, எந்த இடத்துக்கு?"

"இந்தப் பொம்பளை தலைமேல கண்ணாடியை வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுது பாருங்க... ஐயோ, வலிக்குதே!"

"அதுக்கு அடுத்த பாராவும் நல்லா இருக்கும். நிதானமாப் படிங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

வீங்கிய கன்னக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். பிரசுரமான கதையை முன்பின் தெரியாத ஒரு மனிதர் வலியோடு சிரித்துப் படிப்பதை வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறார் எழுத்தாளர். எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோனது. பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு, கதை எப்படி உதித்தது என்று விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்தில் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்னங்க! நீங்களா? இங்கயா?"

பத்திரிகை சட்டைக்குள் போனதும், கை கன்னத்துக்குப் போனதும் ஒரே நொடியில் நடந்தன.

"பல்லு," என்றார் எழுத்தாளர். "தாங்க முடியலை."

"அடடா! தானா வந்துட்டீங்களே!" மனைவிக்கு வாயெல்லாம் பல். "ஆனா இவரு உங்களுக்கு முன்னாடி வந்தவர். கொஞ்சம் காத்திருக்கணும்."

காத்திருப்பதுபோல் நடித்து நழுவிவிடலாம் என்று எழுத்தாளர் கதவைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம்மா," என்றார் கன்னக்காரர் உருக்கமாக. "எவ்வளவு பெரிய எழுத்தாளர்! சார் முதல்ல போகட்டும்."

ரசிகனால் வந்த வினை. மனைவி விரலை உள்ளே நீட்டிக் காட்டினாள். எழுத்தாளர் உள்ளே போனார். விரலைக் கீழே காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நாள் சாப்பிட்டீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். ஊசி போட்டார். எழுத்தாளர் பயத்தில் மூச்சு வாங்க, சட்டைக்குள் பத்திரிகை சரசரவென்று சத்தம் போட்டது.

"நெஞ்சுல என்ன சத்தம்?" என்றார் டாக்டரம்மா.

வாய் திறந்திருந்ததால் இலக்கியம் என்று சொல்ல முடியவில்லை. இழுத்ததும் பல் வந்துவிட்டது. எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவும் இல்லை.

சாயங்காலம், வாயில் பஞ்சோடு, எழுத்தாளர் கூடத்தில் ராஜாபோல் சாய்ந்திருந்தார். பல் போனால் போகட்டும், மானம் தப்பியது. கிளினிக் பத்திரிகையை வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் வீசியாயிற்று. கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். பாவம், வெறுங்கையோடு திரும்பப் போகிறார்கள் என்று எழுத்தாளர் இரக்கப்பட்டார்.

மனைவி படுக்கையறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு கட்டு. ஆளுக்கு ஒரு பத்திரிகை கொடுத்தாள். எழுத்தாளருக்கும் ஒன்று கொடுத்தாள்.

"படுக்கை இவர் பக்கம் மட்டும் மேடா இருந்துது," என்றாள் அக்காவிடம். "தூக்கிப் பார்த்தேன். சர்ப்ரைஸா குடுக்கலாம்னு வெச்சிருக்கார் போல."

எழுத்தாளர் பதறி எழுந்து "ம்ம்ம்! ம்ம்!" என்றார். வாயில் பஞ்சு.

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? உக்காருங்க."

வாசித்தாள். இதுவரை வாசித்த எந்தக் கதையையும் அப்படி வாசித்ததில்லை. சர்வாதிகாரி பேசும்போது புருவத்தை ஏற்றினாள். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்ற இடத்தில் வாத்தியார் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே, இது அச்சு அசலா நீதாண்டி!" என்று கத்தினாள் அக்கா. "பின்னே? நானேதான்!" என்று மார்தட்டிக்கொண்டாள் மனைவி. கடைசி வரியில் அவளுக்கே சிரிப்புப் பொங்கி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைகுனிந்திருந்த எழுத்தாளர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். இவள் பக்கத்தில் தான் எவ்வளவு சின்ன ஆள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த நினைப்பில் துக்கம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொண்டாட்டத்துக்கு அன்று கேக் இல்லை, ஐஸ்கிரீம். பஞ்சை எடுத்துவிட்டு எழுத்தாளரும் சாப்பிட்டார். புண்ணுக்கு இதமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் போனபிறகு, கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிளினிக்கிலிருந்து இருவரும் ஒன்றாகத்தானே நேரே வீட்டுக்கு வந்தோம்?

"ஐஸ்கிரீம் எப்ப வாங்கின?"

"நேத்து."

"நேத்து எனக்குப் பல்லு இருந்துதே!"

"இருந்துது," என்றாள் மனைவி. "எங்க கிளினிக்குக்குப் பத்திரிகை ஒருநாள் முன்னாடியே வந்துடும். அந்தத் தெருப் பக்கமே வராத ஆளுக்கு எப்படித் தெரியும்? நேத்து மத்தியானமே நான் படிச்சாச்சு, டாக்டரும் படிச்சாச்சு. ரெண்டு வருஷமா கெஞ்சினேன், கொஞ்சினேன், வந்தீங்களா? மேஜை மேல ஒரு பத்திரிகை கெடக்குன்னு சொன்னேன். ஓடி வந்துட்டீங்க."

எழுத்தாளர் வெறும் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் சுரண்டினார்.

"கோவம் இல்லையா உனக்கு?"

"எதுக்குக் கோவம்? நல்லா எழுதியிருக்கீங்க."

வந்துவிட்டது! அந்த இரண்டு வார்த்தை!

"அதுலயும் கடைசியில புருஷன் பொண்டாட்டியை ஏமாத்தறான் பாருங்க," என்றாள் மனைவி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டே. "கற்பனைன்னா அதுதாங்க கற்பனை. இதே மாதிரி இன்னும் மூணு கதை எழுதுங்க."

எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், ஆசிரியர் ஃபோன் பண்ணாரா?"

"டாக்டர் சொன்னாங்க. இன்னும் மூணு பல்லு எடுக்கணுமாம்."